ரெட்டைக்குழல் ஈன்ற பிள்ளைகள்

தேர்தல் தள்ளிப்போனதால் பிள்ளை பெற்ற துப்பாக்கியைப் பற்றி ஆனைமடையில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள், ஆனால் ஆளுக்கொரு இடத்திலிருந்து தொடங்குவார்கள். பெரிய தெருக்காரர்கள் அந்த வருஷத்து மழையிலிருந்து தொடங்குவார்கள், போலீஸ்காரர்கள் சாவி யாரிடம் இருந்தது என்பதிலிருந்து தொடங்குவார்கள், கீழத்தெருக்காரர்கள் மட்டும்தான் தொடங்க வேண்டிய இடத்தில் தொடங்குவார்கள், அதாவது ஆவுடைத்தங்கத்துக்குக் கைத்துப்பாக்கி வாங்க லைசென்ஸ் கிடைத்ததிலிருந்து.

ஆவுடைத்தங்கம் பீடி சுற்றுகிறவள். இலையை நனைத்து, கத்தரித்து, தூள் போட்டு, உருட்டி, நூல் சுற்றி, கட்டாகக் கட்டிக் கடைக்குக் கொண்டுபோகிறவள். அந்தத் தொழிலிலேயே சங்கம் வைத்து, சங்கத்துக்காகச் சிறைக்குப் போய், சிறையிலிருந்து வந்த மறுநாளே முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள். பள்ளிக்கூடத்துக்கு அவள் போனதில்லை. சங்கத்து நோட்டீஸ்களை முறத்தின் விளிம்பில் சொருகி வைத்துக்கொண்டு, கை பீடி சுற்ற, கண் எழுத்துக்கூட்ட, அவள் முதன்முதலாகப் படித்த சொல் ‘அம்மா’ அல்ல, ‘கண்டிக்கிறோம்’. அந்த ஒரு சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டே மற்ற எழுத்துகளையெல்லாம் பிடித்துவிட்டாள். அவளோடு கொடி பிடித்தவர்களில் ஒருவர் வாரியத் தலைவரானார், ஒருவர் வட்டிக்கடை வைத்தார், ஒருவர் கல்யாண மண்டபம் கட்டி அதற்குப் புரட்சியின் பெயரை வைத்தார். அந்த மூன்று வீட்டு விசேஷத்துக்கும் அவளுக்குப் பத்திரிகை வந்தது, மூன்றுக்கும் அவள் போகவில்லை.

அவள் துப்பாக்கி கேட்டதற்குக் காரணம் ஒரு பல். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவன்று பெரிய வீட்டுக் குற்றாலநாதன், தன் தாத்தா காலத்து வெள்ளைக்காரன் செய்த ரெட்டைக்குழல் துப்பாக்கியை எடுத்து, கீழத்தெருப் பக்கமாகத் திரும்பி நின்று வானத்தைப் பார்த்துச் சுடுவார்; சத்தம் அம்மனுக்கு, ஈயரவை கீழத்தெருவுக்கு. ஓட்டின் மேல் மழை மாதிரி விழுந்து உருளும். ஒரு கொடையன்று அது சோற்றிலும் விழுந்திருந்தது தெரியாமல் மென்றதில் ஆவுடைத்தங்கத்தின் கடைவாய்ப்பல் தெறித்துவிட்டது. பல்லையும் ரவையையும் ஒரே வெற்றிலையில் வைத்து ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனாள்.

ஏட்டையா பால்வண்ணம் இரண்டையும் பார்த்தார். எது பல், எது ரவை என்று அவருக்குச் சரியாகத் தெரிந்தது, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

“துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்குக்கா. வானத்தைத்தானே சுட்டிருக்காவ? வானம் வந்து புகார் குடுக்கலியே.”

“அப்ப எனக்கும் ஒரு லைசென்ஸ் குடுங்க ஏட்டையா. நானும் வானத்தைச் சுடுதேன். அவுக சோத்துல என்ன விழுதுன்னு பாப்போம்.”

துப்பாக்கி கேட்பது வெங்காயம் கேட்பது போலவா? நீளத் துப்பாக்கி வேண்டுமென்றால் பயிர் வேண்டும், பயிருக்கு நிலம் வேண்டும், நிலத்தில் பன்றி இறங்க வேண்டும். ஆவுடைத்தங்கத்திடம் நிலம் இல்லை, ஆகவே பன்றியும் இல்லை. கைத்துப்பாக்கி வேண்டுமென்றால் உயிருக்கு ஆபத்து வேண்டும். அவளிடம் உயிர் இருந்தது. ஆபத்துக்கு ஆதாரம் இல்லை என்று மனு திரும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் ஆனைமடை அதுவரை பார்த்திராத ஒரு போராட்டத்தைப் பார்த்தது. தன்னைக் கொல்லப்போவதாக ஒரு பெரிய மனிதர் மிரட்ட வேண்டும் என்று கேட்டு ஒரு பெண்பிள்ளை வருஷக்கணக்காக அலைந்தாள். பெரிய வீட்டு வாசலில் போய் நின்று கேட்பாள்: “அண்ணாச்சி, என்னைக் கொல்லணும்னு ஒங்களுக்குத் தோணவே இல்லியா?”

மற்றவர்கள் ‘முதலாளி’ என்று கூப்பிடுகிற மனிதரை அவள் ‘அண்ணாச்சி’ என்று கூப்பிட்டதே பாதிப் போராட்டம். குற்றாலநாதனுக்குத் தோணத்தான் செய்தது. ஆனால் பீடி சுற்றுகிறவளை மிரட்டுவது தன் தரத்துக்குக் குறைவு என்று நினைத்தார். “ஒன்னைக் கொன்னா எனக்குத்தாம்ட்டி கேவலம், போ அங்கிட்டு” என்று கதவைச் சாத்திவிடுவார். அந்த அவமானத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பல் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள், கொல்லத் தகுதியில்லாதவள் என்று சொன்னதைப் பொறுத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் ஒரு கொடைக்கு முன்னால் தாலுகா ஆபீஸில் சமாதானக் கூட்டம் போட்டார்கள். ஆர்டிஓ அம்மா நடுவில் உட்கார்ந்திருந்தார். ஆவுடைத்தங்கம் நேராக வந்து, காலியாக இருந்த ஒரே நாற்காலியில், அதாவது குற்றாலநாதனுக்குப் பக்கத்து நாற்காலியில், இரண்டு கையையும் கைப்பிடியில் விரித்து வைத்து உட்கார்ந்தாள். வாயால் கேட்டு இத்தனை வருஷம் கிடைக்காதது, உட்கார்ந்தவுடன் கிடைத்தது.

“எந்திரிட்டி! எந்திரிக்கலேன்னா, ரெட்டைக்குழல எடுத்து ஒன்ன இங்கனயே சுட்டுப் போடுவேன்!”

ஆவுடைத்தங்கம் எழுந்து கும்பிட்டாள். “ரொம்ப நன்றி அண்ணாச்சி.” பிறகு திரும்பி, “கேட்டுக்கிட்டியளா ஆபீசரம்மா? ஆயுதத்தோட பேரையும் சேத்தே சொல்லிட்டாவ. எழுதிக்கோங்க” என்றாள்.

எழுதிக்கொண்டார்கள். லைசென்ஸ் வந்தது. ஒரு கைத்துப்பாக்கி, ஒன்றே ஒன்று, குறிப்பிட்ட கெடுவுக்குள் வாங்கிவிட வேண்டும். மிரட்டினவர் தெருப்பக்கம் அதைக் கொண்டுபோகக் கூடாது. கீழத்தெரு அன்று கொட்டடித்தது. யாரும் வேலைக்குப் போகவில்லை, எல்லாரும் பாயசம் குடித்துவிட்டு, எந்த மாதிரித் துப்பாக்கி வாங்கலாம் என்று சேலை எடுப்பது போலப் பேசினார்கள். கறுப்பு வேண்டாம், வெள்ளி நிறம் நல்லாருக்கும் என்றார்கள். பிடியில் அம்மன் படம் போட்டுத் தருவார்களா என்றார்கள். இடுப்பில் சொருகினால் குத்தாததாகப் பார் என்று ஒருத்தி சொல்ல, குத்தினால்தான் இருக்கிறது என்று தெரியும் என்று இன்னொருத்தி சொன்னாள்.

மாவட்டத் தலைநகரில் ஒரு கடை உண்டு. கடைக்கார ராவுத்தர் லைசென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “வீட்டுக்காரருக்காம்மா?” என்று கேட்டார்.

“வீட்டுக்காரரு செத்துட்டாரு. எனக்குத்தான்.”

“அப்ப பிடிச்சுப் பாத்து எடுங்க. கண்ணால பாத்து எடுக்கிற சாமான் இல்ல இது. மணிக்கட்டு வலிக்கக் கூடாது, விரல் விசைய எட்டணும்.”

பீடி சுற்றி மெலிந்த விரல்களால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எல்லாம் நல்ல துப்பாக்கிதான். ஆனால் எடுத்த எல்லாவற்றையும் அவள் கை திரும்ப வைத்துவிட்டது.

“செத்த எலிய வாலைப் பிடிச்சுத் தூக்குத மாதிரி இருக்கு பாய்.”

“துப்பாக்கி பின்ன எப்படிம்மா இருக்கும்?”

“தெரியல. இப்படி இருக்காது. அடுத்த வாரம் வாரேன்.”

அடுத்த வாரம் தேர்தல் அறிவித்துவிட்டார்கள். தேர்தல் வந்தால் ஊரில் உள்ள துப்பாக்கியெல்லாம் ஸ்டேஷனுக்குப் போய்விட வேண்டும். கடையில் விற்பனையும் நின்றுவிட்டது. ஆனைமடையின் துப்பாக்கிகள் ஒவ்வொன்றாகத் துண்டு சுற்றி, சாக்குச் சுற்றி வந்து சேர்ந்தன. ஏட்டையா பால்வண்ணம் ஒழுங்கு தெரிந்தவர், ஆயுத அறையில் அவற்றைச் சொந்தக்காரர் பெயரின் அகரவரிசைப்படி சாய்த்து வைத்தார். ஆகவே பெரிய வீட்டுக் குற்றாலநாதனின் ரெட்டைக்குழலுக்கு அடுத்து, மலையடியில் மரவள்ளி போட்டுப் பன்றி விரட்டுகிற கீழத்தெருச் சவரிமுத்துவின் ஒற்றைக்குழல் வந்து நின்றது. இந்த ஊரில் பெரிய தெருவும் கீழத்தெருவும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிற ஒரே இடம் அரசாங்கத்தின் அகரவரிசைதான். அதற்கே இந்தப் பலன் என்றால், மற்ற இடத்திலும் நிற்க விட்டிருந்தால் என்னென்ன நடந்திருக்குமோ.

ஒரு வேட்பாளர் இறந்துபோனார், தேர்தல் தள்ளிப்போனது. ஒருவர் கோர்ட்டுக்குப் போனார், மறுபடி தள்ளிப்போனது. பிறகு மழை பிடித்தது, விடவில்லை. கதவு பூட்டியே இருந்தது, உள்ளே இருட்டும் ஈரமும் எண்ணெய் வாசனையும் இருந்தன, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துப்பாக்கிகள் இருந்தன. மழை விட்ட அன்று காலையில் துப்பாக்கிகளுக்கு எண்ணெய் போடலாம் என்று ஏட்டையா கதவைத் திறந்தபோது, ரெட்டைக்குழல் சுவரோரம் படுத்திருந்தது, அதன் இரண்டு குழல் வாயிலும் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது, அந்த இரண்டு வாய்க்கும் ஆறு குட்டிகள் அடித்துக்கொண்டிருந்தன.

உள்ளங்கை நீளம் இருந்தன. பிறந்த நாய்க்குட்டிக்குக் கண் மூடியிருப்பது போல அவற்றுக்குக் குழல் வாய் இன்னும் திறக்கவில்லை. இரும்பு இன்னும் இறுகாமல் வெதுவெதுவென்று, தொட்டால் பள்ளம் விழுகிற பதத்தில் இருந்தது. விசையை ஆட்டி ஆட்டி நகர்ந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, டிக் டிக்கென்று சத்தம் போட்டன. சவரிமுத்துவின் ஒற்றைக்குழல் மட்டும், செய்வதைச் செய்துவிட்டு ஒன்றும் அறியாதவனைப் போல மூலையில் சுவரைப் பார்த்து நின்றது.

ஏட்டையா கவலைப்பட்டது கணக்குக்குத்தான். வாங்கினதைவிட ஆறு கூடுதலாக இருந்தது. லைசென்ஸ் இல்லாத ஆயுதம் பிடிபட்டால் வழக்குப் போட வேண்டும், வழக்குக்குக் குற்றவாளி வேண்டும். பிடிபட்ட இடம் ஸ்டேஷன், வைத்திருந்தவர் பால்வண்ணம். இன்ஸ்பெக்டர் விஷயத்தைக் கேட்டு, முழங்கால் வலி என்று லீவில் போய்விட்டார்.

ஊர் அதற்குள் வந்து சேர்ந்துவிட்டது. பெண்கள் நல்லெண்ணெயும் விளக்கெண்ணெயும் கொண்டுவந்தார்கள், எது சேரும் என்று ஜன்னலோரம் நின்று சண்டை போட்டார்கள். பிரசவம் பார்க்கிற மூக்கம்மாள் கருப்பட்டியும் பூண்டும் இடித்துக் கொண்டுவந்தாள். “இரும்புக்கு எதுக்குக்கா கருப்பட்டி?” என்று ஏட்டையா கேட்டதற்கு, “பெத்த உடம்புய்யா, ஒமக்கு என்ன தெரியும்” என்று சொல்லிவிட்டு ரெட்டைக்குழலின் அடிக்கட்டையில் தடவினாள். தொட்டில் கட்ட வேண்டும் என்றார்கள், கைதி அறையின் கம்பியில் ஏட்டையாவின் துண்டையே கட்டினார்கள். உள்ளே இருந்த கோழித் திருடன் நாள் முழுக்க ஆட்டிவிட்டான், ஜாமீன் வந்தபோது போக மனமில்லாமல் போனான். இரண்டு கட்சிக்காரர்களும் குட்டிகள் தங்கள் கூட்டணியின் பலன் என்று போஸ்டர் ஒட்டினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து காட்டினார்கள். சோசியர் பிறந்த நேரம் கேட்டார், பூட்டின கதவுக்குள் யார் பார்த்தார்கள் என்றதும், பூட்டின நேரத்தை வைத்தே கணித்துத் தருகிறேன் என்றார். எல்லாருக்கும் வாய் நிறையச் சிரிப்பு, ஊரில் ஒரு நல்ல காரியம் நடந்து ரொம்ப நாளாகியிருந்தது.

யார் சாயல் என்பதில்தான் பேச்சு கொஞ்சம் தடித்தது. மூன்று குட்டிகளுக்குப் பிடி பெரிய வீட்டுத் துப்பாக்கி போல வழுவழுவென்று தேக்கு நிறத்தில் இருந்தது, மூன்றுக்குச் சவரிமுத்துவின் உடைமரக் கட்டை போலச் சொரசொரவென்று இருந்தது. பெரிய வீட்டுக் கதவு அன்றைக்குச் சாத்தியது திறக்கவில்லை. குற்றாலநாதன் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணினார்.

“என் துப்பாக்கிய எதுக்குவே அந்தப் பயலோட துப்பாக்கிக்குப் பக்கத்துல வச்சீரு?”

“அகரவரிசைப்படி அடுக்கினேன் அண்ணாச்சி. ஒங்களுக்கு அடுத்த எழுத்து அவனுக்கு.”

“எங்க தாத்தா வச்சிருந்த சாமான்வே அது! அத்தனையையும் வெட்டிப் போடணும். ஒண்ணு இருக்கக் கூடாது. இருந்துச்சு, நான் தலைய வெளிய காட்ட முடியாது.”

சவரிமுத்து அதற்கு முன்பே மலையில் ஏறிவிட்டான். ஆவுடைத்தங்கம் சோறு கட்டிக்கொண்டு தேடிப் போனபோது மரவள்ளிக்குள் ஒளிந்திருந்தான். “துப்பாக்கி செஞ்சதுக்கு நான் என்னக்கா செய்வேன்?” என்று அழுதான். “மனுசப்பய செஞ்சாலே கம்மாயில பொணமாக் கெடக்கான். இரும்பு செஞ்சா விட்டுருவாவளா?” சோற்றைப் பிசைந்து கொடுத்துவிட்டு இறங்கி வந்தாள். ஊரெல்லாம் சிரித்துக்கொண்டிருந்த நாட்களில் அவள் சிரிக்காதது அந்த ஒரு மத்தியானம்தான்.

மேலிடத்து உத்தரவை ஆர்டிஓ அம்மா கொண்டுவந்தார். செய்தவர் பெயர் இல்லாத, எண் இல்லாத ஆயுதங்கள். ஆகவே திங்கட்கிழமை காலையில் ஸ்டேஷன் முற்றத்தில் கேஸ் கட்டரால் துண்டாக்க வேண்டும். ஆனால் கைத்துப்பாக்கி வாங்க லைசென்ஸ் வைத்திருந்து இன்னும் வாங்காதவர் யாராவது இருந்தால், அவருக்கு மட்டும், எண் அடித்து, ஒன்றைக் கொடுக்கலாம். அப்படி ஒருவர் ஆனைமடையில், சுற்றுவட்டாரத்தில், எங்கே தேடினாலும் ஆவுடைத்தங்கம்தான். அவளுக்கும் அந்தத் திங்கட்கிழமையோடு கெடு முடிகிறது.

“ஒண்ணை எடுத்துக்கோங்க” என்றார் ஆர்டிஓ அம்மா. “நல்லதாப் பாத்து எடுத்துக்கோங்க.”

பார்த்தாள். போய்ப் போய்ப் பார்த்தாள். ராவுத்தர் கடையில் திரும்ப வைத்த கை இங்கே எதையும் கீழே வைக்கவில்லை. ஒன்று அவள் சுண்டுவிரலைக் கவ்விக்கொண்டு விடவில்லை. ஒன்று அவள் இடுப்புச் சொருகலைத் தேடித் தானாகவே போய்ப் படுத்துக்கொண்டது. ஒன்று சோம்பேறி, எண்ணெய்க்குக்கூட எழுந்திருக்காது. ஒன்று எப்போதும் மற்றதன் மேல் ஏறி நின்று எதையோ பேசுவது போல டிக் டிக்கென்று அடித்தது, அதைப் பார்த்தால் அவளுக்குத் தன்னையே பார்ப்பது போல இருந்தது. ஒன்றுக்கு உடைமரப் பிடி, ஆனால் நிமிர்வெல்லாம் அப்படியே குற்றாலநாதன். கடைசியாகப் பிறந்தது நோஞ்சான், எல்லாரும் குடித்த பிறகு மிச்சம் குடிக்கும், அதை எடுத்தால் மணிக்கட்டு வலிக்காது, விரல் விசையைச் சரியாக எட்டும். தெருவில் ஆறு குட்டிக்கும் ஆறு கட்சி உருவாகிவிட்டது. வாதம் நடந்தது, ஓட்டெடுப்பு நடந்தது, ஓட்டெடுப்பில் கள்ள ஓட்டும் நடந்தது.

அவளுக்கு மட்டும் ஒரு பழைய நாள் திரும்பத் திரும்ப வந்தது. பீடிக் கம்பெனி வாசலில் வேலைநிறுத்தம் நடந்தபோது கம்பெனி முதலாளி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “ஒனக்கு மட்டும் நிரந்தர வேலை தாரேன், நல்லதாப் பாத்து எடுத்துக்கோ” என்றார். அவள் வெளியே வந்து கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு முன்னால் போனவர்களும் பின்னால் போனவர்களும் எடுத்துக்கொண்டார்கள், மண்டபம் கட்டினார்கள். ஒருத்திக்கு மட்டும் கொடுப்பதுதான் உலகத்திலேயே பழைய தந்திரம். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் இப்போது, எடுக்காமல் வந்தால் ஆறும் சாகும். ஒன்றை எடுத்தால் ஐந்தைச் சாகச் சொன்னவள் அவள்.

திங்கட்கிழமை முற்றத்தில் நிற்க இடமில்லை. கேஸ் கட்டர்காரன் கண்ணாடி மாட்டிக்கொண்டு நின்றான். தள்ளித் தள்ளிப்போன தேர்தல் ஒருவழியாக முடிந்து கட்டுப்பாடும் அன்றோடு நீங்கியதால் குற்றாலநாதனும் ரெட்டைக்குழலைத் திரும்ப வாங்கிக்கொள்ள வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். குட்டிகள் வெட்டுப்படுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போவது என்று நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கோணித்துணி விரித்து ஆறையும் வரிசையாக வைத்தார்கள். வெயில் பட்டதும் அவை ஒன்றையொன்று நெருங்கி ஒட்டிக்கொண்டன.

“எதும்மா?” என்றார் ஆர்டிஓ அம்மா.

ஆவுடைத்தங்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மடியில் முறம் இருந்தது, அன்றைக்கும் அவள் வேலையோடுதான் வந்திருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து, தலையும் வாலும் சமமாக வரும்படி தட்டி அடுக்கி, இடதுகை விரல்களுக்குள் இறுக்கி, நூல் உருண்டையிலிருந்து நூலை இழுத்து, மேலே ஒரு சுற்று, நடுவில் ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று சுற்றி, பல்லால் கடித்து அறுத்து, கோணித்துணியின் மேல் வைத்தாள். முற்றத்தில் இருந்த பெண்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் புரிந்து, ஓவென்று சிரிப்பு கிளம்பியது.

“இதுதான் ஆபீசரம்மா. ஒண்ணு.”

“ஆறு இருக்கேம்மா?”

“எங்க தொழில்ல கட்டுதான் ஒண்ணு. கடைக்காரன் கட்டு எத்தனைன்னு கேப்பான், பீடி எத்தனைன்னு கேக்க மாட்டான். கட்டு பிரிஞ்சா செல்லாது, கழிச்சிருவான்.”

குற்றாலநாதன் நாற்காலியை விட்டு எழுந்தார். “பீடியும் துப்பாக்கியும் ஒண்ணாட்டி? கண்ணு தெரியலியா எல்லாருக்கும்? ஆறு குழல் இருக்கு! ஆறு குழல் எப்படி ஒரு துப்பாக்கி ஆவும்?”

“கேக்குதேன்னு கோவப்படாதீய அண்ணாச்சி. ஒங்க லைசென்ஸ்ல எத்தனை துப்பாக்கின்னு போட்டிருக்கு?”

“ஒண்ணு.”

“குழல்?”

அவர் வாயைத் திறந்தார். முற்றம் முழுவதும், கேஸ் கட்டர்காரன்கூடக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, அந்த வாயையே பார்த்தது. ரெட்டைக்குழல் என்ற பெயரையே மூன்று தலைமுறையாகப் பெருமையாகச் சொல்லி வந்த வீடு அது.

“ரெண்டு” என்று ஏட்டையா பால்வண்ணம் உதவிக்கு வந்தார்.

“ரெண்டு குழல் ஒண்ணாவும்னா ஆறு குழலும் ஒண்ணாவும். ஆறு ஆவாதுன்னா, அண்ணாச்சி இத்தனை வருசமா ஒரு குழல லைசென்ஸ் இல்லாமல்லா வச்சிருக்காவ? அதையும் இப்பமே வெட்டிருவோம். ஆளு நிக்கான், நெருப்பு இருக்கு.”

ஆர்டிஓ அம்மா ரொம்ப நேரம் குனிந்து காகிதத்தையே பார்த்தார். தோள் மட்டும் குலுங்கியது. நிமிர்ந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை. “எண் அடிங்க” என்றார்.

ஏட்டையா கட்டைத் தூக்கிப் பட்டறைக்கல்லின் மேல் வைத்து எண்ணை அடித்தார். பதம் இறுகாத இரும்பு. அடிபட்ட வேகத்தில் ஆறும் ஒன்றோடொன்று ஒட்டி, நூலின் மேல் இரும்பு வளர்ந்து மூடிக்கொண்டது. இனி எந்தக் கட்டராலும் எது முடிந்து எது தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. ஆறு வாயும் அந்த நிமிஷத்தில்தான் திறந்தன, திறந்து ஒரே குரலில் வீறிட்டன. காது குத்தும்போது அழுகிற பிள்ளையைப் போல எடுத்து ஆவுடைத்தங்கம் தோளில் போட்டுத் தட்டினாள். சூடாக இருந்தது. கனமாகவும் இருந்தது. மணிக்கட்டு நன்றாகவே வலித்தது. கொட்டு முழங்க அவளைத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மலையிலிருந்து சவரிமுத்து இறங்கி வந்து கூட்டத்தின் கடைசியில் ஆடினான், பிறகு நடுவில் ஆடினான், பிறகு அவனைத் தூக்கிவைத்து ஆடினார்கள்.

குற்றாலநாதன் ரெட்டைக்குழலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். போகிற வழியிலேயே வெள்ளை வேட்டி நெடுக எண்ணெய்.

கட்டு கீழத்தெருவில் பசிக்கு அழுதது. நல்லெண்ணெய் கொடுத்தார்கள், துப்பியது. விளக்கெண்ணெய் கொடுத்தார்கள், துப்பியது. அது அழ அழ, பெரிய வீட்டு அலமாரிக்குள்ளிருந்து ரெட்டைக்குழல் பதிலுக்கு முனகியது. ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் டிவி பார்க்க முடியவில்லை, சீரியலில் யார் யாரைக் கெடுத்தார்கள் என்று தெரியாமல் இரண்டு தெருவுமே தவித்தது. ரெட்டைக்குழலின் குழல் இரண்டும் வீங்கிக்கொண்டே வந்தன. ராவுத்தரை வரவழைத்துக் காட்டினார்கள், அவர் தொட்டுப் பார்த்து, “கட்டிப்போச்சு முதலாளி. பால் எடுக்கலேன்னா வெடிச்சிரும், வீடும் சேந்து போகும்” என்று சொல்லிவிட்டுக் கூலி வாங்காமல் பஸ் ஏறினார்.

குற்றாலநாதன் ஏட்டையாவைக் கூப்பிட்டார். “அந்தச் சனியனை இங்க கொண்டுவரச் சொல்லும்.”

“முடியாது அண்ணாச்சி. மிரட்டினவர் தெருப்பக்கம் கொண்டுவரக் கூடாதுன்னு அந்தம்மா லைசென்ஸ்லயே போட்டிருக்கு. நீங்கதான மிரட்டுனிய.”

“அப்ப என் ஆள்கிட்ட இதைக் குடுத்து விடுதேன்.”

“குடுத்து விட்டா அவனை உள்ள வைக்கணும், ஒங்களையும் வைக்கணும். லைசென்ஸ்காரர் கையை விட்டு அது அடுத்த கைக்குப் போகக் கூடாது. சட்டம் அப்படி இருக்கு.”

அவர் பொறுத்துப் பார்த்தார். வீட்டு அம்மாள் பெட்டியைக் கட்டினாள். அப்புறம் ஒரு காலையில், கீழத்தெருப் பெண்கள் முறத்தை மடியில் வைத்து வரிசையாகப் பீடி சுற்றிக்கொண்டிருந்தபோது, தெருமுனையில் பட்டு வேட்டி சுற்றிய ரெட்டைக்குழலை இரண்டு கையிலும் தாங்கிக்கொண்டு பெரிய வீட்டுக் குற்றாலநாதன் வந்து நின்றார். அவருடைய தகப்பனோ தாத்தாவோ அந்த இடத்தில் நின்றதாக யாரும் சொன்னதில்லை. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை, கை ஒன்றும் நிற்கவில்லை. பட்டு வழியாக எண்ணெய் சொட்டு சொட்டாக விழுந்தது.

ஆவுடைத்தங்கம் வீட்டுக்குள்ளிருந்து தொட்டிலை ஆட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். “வாங்க அண்ணாச்சி. செருப்பை அங்கனயே கழத்திப் போட்டுட்டு வாங்க. சத்தம் போடாம வாங்க, பிள்ளை இப்பந்தான் கண்ணசருது.”

அவர் ஒரு காலால் மறுகாலின் வாரை மிதித்துக் கழற்றப் பார்த்தார், வரவில்லை. வார் வைத்த நல்ல செருப்பு, குனிந்து கையால்தான் கழற்ற வேண்டும். துப்பாக்கியை யாராவது ஒரு நிமிஷம் பிடித்துக்கொள்வார்களா என்று சுற்றும் பார்த்தார். பிடித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே ரெட்டைக்குழலைப் பச்சைப்பிள்ளையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு கையை மட்டும் விடுவித்து, கீழத்தெரு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் குனிந்தார்.